ஒரே மேஜை, பல கொடிகள்

"எல்லாக் கட்சிக்காரனும் சண்டையை விட்டுட்டு ஒண்ணா உட்கார்ந்தா இந்த நாடு எங்கேயோ போயிரும் சார்!"

இந்த வசனத்தைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. டீக்கடை, ரயில், கல்லூரிப் பட்டிமன்றம், தேர்தல் முடிந்த மறுநாள் சலூன்... எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். "அட போங்க சார், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. உள்ளே ஒண்ணா டீ குடிச்சிட்டு வெளியே வந்து அடிச்சிக்கிற மாதிரி நடிப்பானுங்க" என்பார்.

முதல் ஆள் லட்சியவாதி. இரண்டாவது ஆள் விவரமானவர் (என்று அவரே நினைத்துக்கொள்கிறார்!). பார்ப்பதற்கு இருவரும் எதிரெதிர் துருவம் மாதிரி இருக்கும். ஆனால் இருவரும் செய்வது ஒரே தப்புதான். கட்சிகள் சேர்ந்து வேலை செய்வது என்றாலே சண்டையை மறப்பதுதான் என்று இருவரும் நினைக்கிறார்கள். ஒருவர் அப்படி நடக்காதா என்று ஏங்குகிறார். இன்னொருவர் அப்படி நடந்தால் அதில் ஏதோ கள்ளத்தனம் என்கிறார். சண்டையும் நடக்கும், வேலையும் நடக்கும் என்கிற மூன்றாவது வழி இருவர் கணக்கிலும் இல்லை.

அந்த மூன்றாவது வழி வெறும் கற்பனை இல்லை. அதற்கான சாட்சி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்ட ஓட்டல் பில்லை எடுத்துப் பாருங்கள். அடியில் இரண்டு வரி இருக்கும் (இரண்டு அர்த்தத்திலும்தான் :-)). சி.ஜி.எஸ்.டி. 2.5%, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5%.

முதல் வரி மத்திய அரசுக்கு, இரண்டாவது மாநில அரசுக்கு. இந்த இரண்டு அரசுகளும் வேறு வேறு கட்சிகளுடையதாக இருக்கலாம். டிவியைப் போட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் இரண்டு இட்லி ஒரு வடை மீது மட்டும் பாதிக்குப் பாதி என்று அமைதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வரிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார 17 வருடங்கள் ஆயின.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றாலே பரீட்சை பயம்தான் வரும். மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். இரண்டையும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். இங்கே விஷயம் வரி விகிதம் இல்லை. ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்கள் சேர்ந்து ஒரு காரியத்தை எப்படி முடித்தார்கள் என்பதுதான்.

விட்டுக்கொடுக்க வேண்டியது என்ன?

பழைய முறையில் பொருளைத் தயாரிக்கும்போது மத்திய அரசு கலால் வரி போடும். சேவைகளுக்கும் மத்திய அரசுதான் வரி போடும். பொருளை விற்கும்போது மாநில அரசு விற்பனை வரி போடும். 100 ரூபாய் சரக்குக்கு 10 ரூபாய் கலால் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் விற்பனை வரியை 100 ரூபாய்க்குக் கணக்கிடாது, 110 ரூபாய்க்குக் கணக்கிடும். அதாவது வரிக்கும் வரி! மத்திய அரசுக்குக் கட்டியதை மாநில வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. மாநிலம் தாண்டினால் மத்திய விற்பனை வரி என்று தனியாக ஒன்று. எல்லையில் செக்போஸ்ட் வேறு. கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் வாளையாரில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்திருப்பார்கள்.

இதைச் சரி செய்ய வேண்டும் என்று சொல்வது சுலபம். யார் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஒரு மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் ஆகப்பெரிய பங்கு விற்பனை வரியிலிருந்துதான் வந்தது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்யும் அதிகாரமும் மாநிலத்தின் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டுபோய், தன் அரசியல் எதிரியும் உட்கார்ந்திருக்கிற ஒரு மேஜையில் வைக்க வேண்டும். எந்த முதலமைச்சர் சம்மதிப்பார்? மத்திய அரசு தன் கலால் வரியை அதே மேஜைக்குக் கொண்டுவருமா?

தேசபக்திப் பாட்டு பாடித் தீர்க்கிற விஷயமா இது?

பா.ஜ.க. ஆட்சி, கம்யூனிஸ்ட் தலைவர்

1999 நவம்பர் 16 அன்று முதலமைச்சர்கள் மாநாடு ஒன்று நடந்தது. கூட்டியவர் வாஜ்பாய் அரசின் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. மாநிலங்கள் எல்லாம் பழைய விற்பனை வரியை விட்டுவிட்டு வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறலாம் என்று அங்கே பேச்சு தொடங்கியது. அதைச் செய்து முடிக்க 2000 ஜூலையில் மாநில நிதியமைச்சர்களின் அதிகாரம் பெற்ற குழு ஒன்று அமைக்கப்பட்டது.

அதற்குத் தலைவர் யார் தெரியுமா? மேற்கு வங்க நிதியமைச்சர் அசிம் தாஸ்குப்தா. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டெல்லியில் இருந்தது பா.ஜ.க. தலைமையிலான ஆட்சி. அந்த ஆட்சியின் பொருளாதாரக் கொள்கையை அன்றாடம் எதிர்த்த கட்சி மார்க்சிஸ்ட். அந்தக் கட்சியின் அமைச்சர்தான் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் பா.ஜ.க.வின் கொள்கைக்கு மாறிவிடவில்லை, பா.ஜ.க.வும் சிவப்புக் கொடி பிடிக்கவில்லை. ஆனால் மாநிலங்களுக்கு இதில் ஒரு நிம்மதி இருந்தது. தலைவர் டெல்லியின் ஆள் இல்லை, மாநிலத்தின் வருமானம் போனால் வலி தெரிந்தவர், கணக்கும் தெரிந்தவர் (அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்).

2004-ல் ஆட்சி மாறியது. புது அரசு வந்தால் பழைய அரசின் ஆட்களைத் தூக்குவதுதானே வழக்கம்? குழுவும் கலையவில்லை, தலைவரும் மாறவில்லை. 2005 ஜனவரியில் ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருக்கும்போது வாட் பற்றிய வெள்ளை அறிக்கை வந்தது. ஏப்ரல் 1-ல் வாட் அமலுக்கு வந்தது. மாநிலங்களுக்கு வருமானம் குறைந்தால் முதல் வருடம் முழு இழப்பீடு, இரண்டாம் வருடம் 75%, மூன்றாம் வருடம் 50% என்று மத்திய அரசு வாக்குக் கொடுத்தது.

இதோடு "சுபம்" போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். வேடிக்கையே இனிமேல்தான்.

நாற்காலி மாறினால் வசனமும் மாறும்

பா.ஜ.க. அரசு தொடங்கிய வேலை அது. ஆனால் 2005-ல் பா.ஜ.க. ஆண்ட குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்கள் வாட்டுக்கு வர மாட்டோம் என்று நின்றுவிட்டன. ஒரு வருடம் கழித்து, 2006 ஏப்ரலில் வந்தன. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சி சேரவில்லை. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு 2007 ஜனவரி 1-ல் இங்கே வாட் வந்தது. உத்தரப் பிரதேசம் 2008 ஜனவரியில்தான் வந்தது.

அடுத்த கட்டம் ஜி.எஸ்.டி. 2006 பட்ஜெட்டில் சிதம்பரம் இதை அறிவித்தார். 2010 ஏப்ரலில் கொண்டுவருவோம் என்றார். 2009 நவம்பரில் அதே அதிகாரம் பெற்ற குழு முதல் விவாத அறிக்கையை வெளியிட்டது. 2011 மார்ச்சில் அரசியல் சட்டத் திருத்த மசோதா வந்தது. பா.ஜ.க. ஆண்ட குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் கடுமையாக எதிர்த்தன. 2014-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி ஆனது.

2014-ல் பா.ஜ.க. ஆட்சிக்கு வந்தது. டிசம்பரிலேயே ஜி.எஸ்.டி. மசோதாவை அவர்களே கொண்டுவந்தார்கள். இப்போது காங்கிரஸ் எதிர்த்தது! ஒரே மசோதா, ஒரே நாடகம், வேஷம் மட்டும் மாறிவிட்டது.

இந்த இடத்தில் நம்ம விவரமானவர் துள்ளிக் குதிப்பார். "பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?" அவர் சொல்வதில் பாதி உண்மைதான். பச்சை சந்தர்ப்பவாதம் இதில் இருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது தெரிந்த குறைகள் ஆளுங்கட்சி வரிசைக்குப் போனதும் மறைந்துவிட்டன. இதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். குஜராத்தின் பயம் முழுக்க நடிப்பு இல்லை. ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே தயாராகிறதோ அங்கே இல்லாமல், எங்கே நுகரப்படுகிறதோ அங்கே போய்ச் சேரும் வரி. தயாரித்து வெளியே அனுப்பும் மாநிலத்துக்கு வருமானம் குறையும் என்ற பயம் நியாயமானது. இதே பயத்தை 2016-ல் அ.தி.மு.க. நாடாளுமன்றத்தில் சொன்னது. குஜராத்தும் தமிழ்நாடும் அரசியலில் எவ்வளவு தூரம்! ஆனால் தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலம் என்ற வகையில் இருவருக்கும் ஒரே தலைவலி.

காங்கிரஸின் எதிர்ப்பையும் அப்படியே பார்க்கலாம். உற்பத்தி மாநிலங்களைச் சமாதானப்படுத்த, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 1% கூடுதல் வரி என்று 2014 மசோதாவில் இருந்தது. அது இருந்தால் வரிக்கு வரி என்கிற பழைய வியாதி திரும்ப வந்துவிடும் என்று காங்கிரஸ் சொன்னது. நியாயமான வாதம். கடைசியில் அந்த 1% நீக்கப்பட்டது. பதிலாக ஐந்து வருடத்துக்கும் முழு இழப்பீடு என்ற உத்தரவாதம் வந்தது. 2015-16 வருமானத்தை அடிப்படையாக வைத்து, வருடத்துக்கு 14% வளர்ச்சி என்று கணக்கிட்டு, அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை மத்திய அரசு தரும்.

கவனியுங்கள். எதிர்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு "நாட்டு நலன்" என்று கை தூக்கியிருந்தால் அந்த 1% அப்படியே இருந்திருக்கும். முழு இழப்பீடும் வந்திருக்காது. சட்டம் கொஞ்சமாவது தேறியது என்றால் சண்டைதான் காரணம்.

அந்தக் குழுவின் தலைவர் நாற்காலியையும் ஒருமுறை பாருங்கள். தாஸ்குப்தாவுக்குப் பிறகு காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் பீகாரின் சுஷில் குமார் மோடி (பா.ஜ.க.). அடுத்து ஜம்மு காஷ்மீரின் அப்துல் ரஹீம் ராதர் (தேசிய மாநாட்டுக் கட்சி). பா.ஜ.க. ஆட்சியில் கேரளத்தின் கே.எம்.மாணி (கேரள காங்கிரஸ்). அதன்பின் மேற்கு வங்கத்தின் அமித் மித்ரா (திரிணாமூல்). டெல்லியை யார் ஆண்டாலும் தலைவர் ஆட்சிக்குத் தலைமை தாங்கிய கட்சிக்கு வெளியிலிருந்து வந்தார்.

இதில் ஒரு சினிமாத்தனமான திருப்பமும் உண்டு. 2011 தேர்தலில் கர்தஹா தொகுதியில் அசிம் தாஸ்குப்தாவைத் தோற்கடித்தவரே இந்த அமித் மித்ராதான்! தோற்கடித்தவர் ஐந்து வருடம் கழித்து, தோற்றவர் கட்டி வளர்த்த குழுவுக்குத் தலைவராக வந்தார். அவர் போட்ட கணக்கைக் கிழித்துப் போடவில்லை. அங்கிருந்தே தொடர்ந்தார்.

203-க்கு 0

2016 ஆகஸ்ட் 3. மாநிலங்களவையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 203, எதிர்ப்பு 0. அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. ஐந்து நாள் கழித்து மக்களவையில் 443-க்கு 0. பத்து வருடம் மாறி மாறி அடித்துக்கொண்டவர்கள் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள். வெளிநடப்பு செய்த கட்சிதான் அப்போது தமிழ்நாட்டை ஆண்டது. 2017 ஜூனில் இங்கேயும் சட்டமன்றத்தில் மாநில ஜி.எஸ்.டி. சட்டம் நிறைவேறியது. ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. எல்லைச் செக்போஸ்ட்டுகள் போயின.

இதெல்லாம் திடீர் மனமாற்றத்தால் நடந்தது இல்லை. மேஜைக்குச் சில விதிகள் இருந்தன. ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள், அழகாகப் புரியும்.

மொத்த ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு, அதாவது 75% வேண்டும். மத்திய அரசிடம் இருப்பது 33.33%. தனியாக ஒன்றும் செய்ய முடியாது. மாநிலங்கள் அத்தனையும் கைகோத்தாலும் 66.67%தான். அவர்களாலும் தனியாக முடியாது. இன்று கவுன்சிலில் 31 மாநிலங்கள் (சட்டமன்றம் உள்ள டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் சேர்த்து). எல்லோரும் வந்து ஓட்டுப் போட்டால் மத்திய அரசுக்கு 20 மாநிலங்களின் துணை வேண்டும். 12 மாநிலங்கள் எதிர்த்து நின்றால் எதுவும் நகராது.

ஆக, எதிராளியைத் தோற்கடித்து ஜெயிக்க முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். முதல் 37 கூட்டங்களில் ஒருமுறைகூட ஓட்டெடுப்பு நடக்கவில்லை. 2019 டிசம்பரில், 38-வது கூட்டத்தில்தான் முதல் ஓட்டெடுப்பு, அதுவும் லாட்டரி வரிக்காக! நல்லவர்களாக இருங்கள் என்று யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. பேசாமல் எழுந்து போனால் தனக்குத்தான் நஷ்டம் என்பது போல மேஜையைச் செய்து வைத்தார்கள்.

இதுவும் லட்சியவாதம்தான். மனிதர்கள் மாறுவார்கள் என்று காத்திருக்காத லட்சியவாதம்.

வாக்குக் கொடுத்தால் போதுமா?

இப்போது கசப்பான பகுதி. 2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கில் வியாபாரம் படுத்தது, வரி வசூலும் படுத்தது. மாநிலங்கள் இழப்பீட்டைக் கேட்டன. ஆகஸ்ட் 27 கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, இது கடவுளின் செயல் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். பற்றாக்குறைக்கு மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வழி சொன்னது.

கேரளம், பஞ்சாப், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்கள் கொதித்தன. அவர்கள் கேட்டது சலுகை இல்லை. "எங்கள் வரி அதிகாரத்தை உங்களை நம்பி மேஜையில் வைத்தோம், நீங்கள் பதிலுக்குக் கொடுத்த வாக்கு எங்கே?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். இழுபறிக்குப் பிறகு அக்டோபரில் மத்திய அரசு இறங்கி வந்தது. தானே கடன் வாங்கி மாநிலங்களுக்கு மாற்றிவிட ஒப்புக்கொண்டது. அந்த வருடம் 1.10 லட்சம் கோடி, அடுத்த வருடம் 1.59 லட்சம் கோடி. அந்தக் கடனை மாநிலங்கள் தங்கள் கஜானாவிலிருந்து கட்ட வேண்டியதில்லை, செஸ் வசூலிலிருந்து கட்டலாம் என்றும் ஏற்பாடானது.

பணம் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் போன நம்பிக்கை? கடனை வட்டியோடு கட்டிவிடலாம், நம்பிக்கையை எந்தக் கணக்கில் கட்டுவது? 2025 செப்டம்பர் 3 கூட்டத்தில் 12%, 28% படிகளை எடுத்துவிட்டு 5%, 18% என்று குறைத்தார்கள் (சில பொருள்களுக்கு மட்டும் 40%). விலை குறைவதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட எட்டு எதிர்க்கட்சி மாநிலங்கள் வருமான இழப்புக்கு ஈடு கேட்டு ஏற்கெனவே ஒன்று சேர்ந்திருந்தன. 2020-ஐ மறக்கவில்லை என்று அர்த்தம்.

மேஜையிலும் கோணல் உண்டு. கோவாவுக்கும் ஒரு ஓட்டு, தமிழ்நாட்டுக்கும் ஒரு ஓட்டு. இது நியாயமா என்று 2021 மே மாதக் கூட்டத்தில் அப்போதைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் கேட்டார். சின்ன மாநிலங்கள், "ஒரே ஓட்டு இருப்பதால்தான் எங்களையும் மதிக்கிறார்கள்" என்று சொல்லும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் தீராத வழக்கு இது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது, அவற்றுக்கு மதிப்பு உண்டு, அவ்வளவுதான் என்று சொன்னது. கூட்டாட்சியில் ஒத்துழைப்பு மட்டும் இல்லை, எதிர்த்து வாதாடுவதும் சேர்த்திதான் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. டீக்கடை லட்சியவாதிக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம் :-)

எல்லா ஒற்றுமையும் நல்லதா?

ஒரு கேள்வி பாக்கி. கட்சிகள் சேர்ந்தாலே நல்லதுதானா? இல்லவே இல்லை.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டு கட்சிகள் மீதும் தீர்ப்புச் சொன்னது. பிறகு என்ன நடந்தது? 2016-ல் சட்டம் முன் தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அது போதவில்லை என்று 2018-ல் நிதி மசோதாவோடு இன்னொரு திருத்தம் வந்தது, 1976 ஆகஸ்ட்டிலிருந்தே செல்லும் என்று! மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஜி.எஸ்.டி.க்கு 17 வருடம். இதற்குச் சில நிமிடம்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? ஜி.எஸ்.டி. மேஜையில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம். அதனால் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள், எல்லாம் வெளியே வந்தது. நன்கொடை விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஒரே லாபம். காவல் காக்க யாரும் இல்லை. நஷ்டப்பட்ட பொதுஜனத்துக்கு அந்த மேஜையில் நாற்காலியே இல்லை. கட்சிகள் கைகோக்கும்போது கைதட்டுவதற்கு முன்னால், யாருக்கு அங்கே நாற்காலி இல்லை என்று பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி.யிலும் இந்தக் குறை உண்டு. 2017-ல் ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரியாமல் திண்டாடிய சின்னக் கடைக்காரருக்கு கவுன்சிலில் நாற்காலி இல்லை. பெட்ரோல், டீசல் இன்றுவரை ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதற்கும் காரணம் இதுதான். அந்த வருமானத்தை விட மத்திய அரசுக்கும் மனசில்லை, மாநிலங்களுக்கும் மனசில்லை. அங்கே மட்டும் என்ன ஒற்றுமை!

ஆக...

இருபது வயதில் கட்சி பிடிப்பதில் தப்பே இல்லை. கொள்கைக்காகச் சண்டை போடுவதிலும் தப்பில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு இரவு பன்னிரண்டு மணி வரை வாதாடுவதும் நல்லதுதான். கட்சியே வேண்டாம், எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் போதும் என்பது கேட்க இனிக்கும். ஆனால் அப்படிச் சொல்பவர் கடைசியில் ஏமாந்து, விவரமானவரின் பெஞ்சுக்கே போய் உட்கார்ந்துவிடுவார். இன்று அந்த பெஞ்சில் இருக்கும் பலர் ஒரு காலத்தில் லட்சியவாதிகள்தான்.

அந்த பெஞ்சுக்குப் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்வது. "ஏன் இவர்கள் சேர மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எதிராளிக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், அதைக் காப்பாற்றினார்களா?" என்று கேட்கலாம். எதிராளி ஓட்டை வாங்கிக்கொண்ட பிறகு, அவன் தயவு இனித் தேவையில்லை என்று ஆன பிறகு, அப்போதும் வாக்கைக் காப்பாற்றுகிறவன்தான் லட்சியவாதி. மேடையில் கண்ணீர் விடுகிறவன் இல்லை.

இதில் இன்னும் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. இந்தக் கேள்வியை எதிர்க்கட்சியைப் பார்த்து எல்லோரும் கேட்பார்கள், அதற்கு லட்சியம் எதுவும் தேவையில்லை. தனக்குப் பிடித்த கட்சி, தான் ஓட்டுப் போட்ட கட்சி, எதிராளிக்குக் கொடுத்த வாக்கை மீறும்போது, "இது தப்பு" என்று சொல்ல எத்தனை பேர் தயார்?

உங்கள் நண்பர் வட்டத்தில் எண்ணிப் பாருங்கள். ஒருவர் தேறினாலும் போதும், அவரோடு கட்சி பேசலாம்.